எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி?

நிலத்தடி நீரின் தரம் பற்றி இந்த இதழுக்கு வரும் கட்டுரைகள் கிணற்று அளவுகளிலிருந்து வரைபடம் தயாரிக்கும் முறைகளில் கிரிகிங் சிறந்ததா, ஐடிடபிள்யூ சிறந்ததா என்று பக்கம் பக்கமாக விவாதிக்கின்றன. கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல ஒரு வரிகூட இருப்பதில்லை. ஜீப் போகும் சாலையோரக் கிணறுகளா, புகார் வந்த கைப்பம்புகளா? வரைபடத்தின் தலையெழுத்தை எழுதுவது அந்தத் தேர்வுதான்.

வங்கதேசத்து ஆர்செனிக் ஆய்வுகளைப் பாருங்கள். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 2001-இல் வெளியிட்ட அறிக்கைக்காக, 64 மாவட்டங்களில் 61-இல் 3,534 கிணறுகளின் நீர் சோதிக்கப்பட்டது. 37 சதுர கி.மீ.க்கு ஒரு கிணறு, அதாவது சுமார் 6 கி.மீ. இடைவெளி. தென்கிழக்கில் நிலைமை மோசம் என்பதை அந்த வரைபடம் தெளிவாகக் காட்டியது. நாட்டளவில் திட்டமிட அது போதும். ஒரு குடும்பம் எந்தக் குழாயில் குடிக்கலாம் என்பதற்கு அதில் விடை இல்லை.

அந்த விடை அதே நாட்டின் அரைஹசார் பகுதியில் கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு அங்கே 25 சதுர கி.மீ.க்குள் சுமார் 6,000 குழாய்க் கிணறுகளைச் சோதித்தது. பாதிக் கிணறுகள் ஆபத்தானவை. ஆனாலும் மக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு 100 மீட்டருக்குள் ஒரு நல்ல கிணறு இருந்தது. ஆழத்தைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மை. 8 முதல் 10 மீட்டர் ஆழக் கிணறுகளில் 25 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் என்ற வரம்பைத் தாண்டின. 15 முதல் 30 மீட்டருக்குள் 75 சதவீதம். 90 மீட்டரில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. இவற்றையெல்லாம் ஒரே தளத்தில் போட்டு நிறம் தீட்டினால் அந்த நிறத்துக்கு என்ன பொருள்? நம் பாறைப் பகுதிகளிலும் இதே சிக்கல்தான். ஒரே தோட்டத்தில் திறந்த கிணறு சிதைந்த பாறை அடுக்கிலிருந்தும், போர்வெல் ஆழத்துப் பிளவிலிருந்தும் நீர் எடுக்கிறது.

மிக நெருங்கிய இரு கிணறுகளே 6 கி.மீ. தள்ளியிருந்தால், அதற்குள் நடக்கும் மாற்றத்தை, தொலைவுக்கேற்ப மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வேரியோகிராம் பார்க்கவே முடியாது. மிகச் சிறிய தொலைவிலும் எஞ்சும் வேறுபாட்டைக் குறிக்கும் நக்கெட் மதிப்பு வெறும் ஊகமாகிவிடும். கிரிகிங் பிழை வரைபடமும் காப்பாற்றாது. புள்ளிகளின் இருப்பிடத்தையும் நாம் பொருத்திய வேரியோகிராமையும் வைத்தே அது கணக்கிடப்படுகிறது, அளந்த மதிப்புகள் அதில் நேரடியாக நுழைவதில்லை. கிணறுகள் கொத்தாக இருக்கும்போது ஒவ்வொரு கிணறாக விலக்கி, மற்றவற்றைக் கொண்டு அதைக் கணிக்கும் சரிபார்ப்பும் பொய்யான நம்பிக்கையே தரும். பக்கத்துக் கிணறு விடையைச் சொல்லிவிடுகிறது.

ஆகவே, மாதிரிகளில் ஒரு பங்கை 50, 100, 500 மீட்டர் இடைவெளி இணைகளுக்கு முதலிலேயே ஒதுக்குங்கள். வேரியோகிராமை நம்ப குறைந்தது 100 புள்ளிகளாவது வேண்டும். கட்டுரையுடன் கிணறுகளின் இருப்பிட வரைபடம், தேர்ந்தெடுத்த காரணம், ஒவ்வொரு தொலைவிலும் எத்தனை இணைகள் என்ற விவரம், கிணறுகளின் ஆழம் ஆகியவற்றை அனுப்புங்கள். உரிமையாளருக்கே ஆழம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள்; ஊகித்த எண்ணைப் போட வேண்டாம்.