நாயைத் துரத்தும் முன்...

ஆரணி நெசவு வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தறிக்குழி, பாவு, ஊடை, நடுவில் பிள்ளைகள், வாசற்படியில் நாய். பிள்ளைக்கு அடுக்குத் தும்மலும் வீசிங்கும் வந்தால் முதல் தண்டனை நாய்க்குத்தான். கோணியில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடுவது!

இது அவசர புத்தி. தூசுப்பூச்சி, ஏன், பட்டு நூல் தூசுகூட சிலருக்கு ஆஸ்துமா தரும். நாய் போன பிறகும் வீசிங் நிற்கவில்லை என்றால் அடுத்து யாரைத் துரத்துவது, தறியையா? முதலில் டாக்டரிடம் காட்டித் தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் எடுக்க வேண்டும்.

சரி, நாய்தான் காரணம் என்றே வரட்டும். அப்போதும் குற்றவாளி முடி அல்ல. எச்சிலிலும் உதிரும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள். ஒபாமாவின் மகள் மாலியாவுக்கு அலர்ஜி என்பதால் 2009-ல் வெள்ளை மாளிகைக்கு வந்தது போர்ச்சுகீஸ் வாட்டர் டாக். 'அலர்ஜி தராத ஜாதி' என்று அதற்குப் பெயர். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இப்படிப் பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீட்டுத் தூசியிலும் அந்தப் புரதம் மற்ற வீடுகள் அளவுக்கே இருந்தது. நம்மூர் குட்டைமுடி ராஜபாளையத்துக்கும் விலக்கு கிடையாது.

பிள்ளை தூங்கும் இடத்துக்கு நாயை விடாமல், தினம் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம். மூச்சுத்திணறல் அடிக்கடி வந்தால் பிள்ளைதான் முக்கியம், நாயைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் தெரிந்த ஒரு வீட்டுக்கு. கொடுத்த மறுநாளே தும்மல் நிற்காது. அந்தப் புரதம் பாயிலும் துணியிலும் மாதக்கணக்கில் தங்கும்.