‘ஃபிரேம் 427’ எந்த ஏஐக்கும் புரியாது

“ஏஐயை டிசைன் சாஃப்ட்வேரோடு இணைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.” மென்பொருள் அலுவலகங்களில் இப்போது யாரும் மறுத்துப் பேசாத வாக்கியம் இது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. ஏஐ உதவியாளர் வெளியிலுள்ள மென்பொருளை எப்படி அழைப்பது, பதிலை எந்த வடிவில் வாங்குவது என்பதற்கான விதிமுறை அது. சில மாதங்களுக்குள் போட்டி நிறுவனமான ஓப்பன்ஏஐயும் அதை ஏற்றது. திரை வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மாவுக்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டருக்கும், அந்த நெறிமுறைப்படி ஏஐக்கும் மென்பொருளுக்கும் இடையில் நின்று பேசும் சர்வரை ஆளாளுக்கு எழுதினார்கள். 2025 ஜூனில் ஃபிக்மாவே தன் சொந்த சர்வரை பீட்டாவாக விட்டது. உடனே மேலாளர்கள் கணக்குப் போடத் தொடங்கினார்கள்: டிசைனர் இரண்டு பேர் போதுமா, ஒருவரே போதுமா?

இந்தக் கணக்கு தப்பு. ஏஐக்குத் திறமை போதாது என்று நான் சொல்ல வரவில்லை. அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இணைப்பு வழியாக என்ன போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் புகார். ஃபைலுக்குள் மனிதர்கள் எழுதிவைத்தது மட்டுமே சர்வர் வழியாகப் போகிறது. டிசைனரின் தலைக்குள் இருப்பதும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதும் அந்தப் பக்கம் போய்ச் சேராது.

சர்வர் எழுதுவது கடினமான வேலையும் இல்லை. செய்திகள் ஜேசன் வடிவில் போய்வருகின்றன. ஏஐ அழைக்கக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும், அதாவது டூலுக்கும், ஒரு பெயர், நாலு வரி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல். இவ்வளவுதான். அதனால், மென்பொருளை நிரலால் இயக்கும் வாசலான ஏபிஐயில் இருக்கும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் டூலாக்கித் திறந்துவிடுவதுதான் சுலபம் என்று பொறியாளர்கள் நினைக்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வந்தவரிடம் சாவிக்கொத்தை நீட்டி, எது எந்த அறைக்கு என்று சொல்லாமல் போய்விடுவதைப் போன்றது இது.

ஃபிக்மாவையே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து அழைக்கும் ரெஸ்ட் ஏபிஐ வழியாக ஃபைலைப் படிக்கலாம்; ஒரு கட்டம்கூட வரைய முடியாது. வரைவதற்கான வழக்கமான வழி எடிட்டருக்குள் ஓடும் பிளக்இன். அந்தப் பிளக்இன்னிடம் நிறத்தை 0 முதல் 1 வரையான தசம எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். 0 முதல் 255 வரை என்று ஊரெல்லாம் எழுதிப் பழகியதைத்தான் ஏஐயும் படித்திருக்கிறது. எழுத்தை மாற்றும் முன் அதன் ஃபான்ட்டை ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பிழை. ஆட்டோ லேஅவுட் போட்ட ஃபிரேமுக்குள் இருக்கும் பட்டனின் இடத்தை அந்த ஃபிரேம்தான் முடிவுசெய்யும். பட்டனை மட்டும் பிடித்து “கொஞ்சம் வலப்பக்கம் தள்ளு” என்றால் அது நகராது. இது தெரியாதவர் எழுதிய சர்வர், கட்டளை போய்ச் சேர்ந்ததுமே ‘வெற்றி’ என்று பதில் அனுப்பும். உதவியாளரும் “நகர்த்திவிட்டேன்” என்று பணிவாகச் சொல்லும். பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதையெல்லாம் முன்கூட்டி யோசித்து, ‘நகர்த்து’ என்ற டூலுக்குப் பதிலாக ‘இடைவெளியை மாற்று’ என்ற டூலைக் கொடுப்பதற்கு, ஃபிக்மாவில் ராவும் பகலும் வேலை பார்த்த ஒருவர் தேவை. சர்வரின் தரத்தைத் தீர்மானிப்பது அவருடைய அனுபவம். அவரைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

எல்லாவற்றையும் திறந்துவிடும் மனப்பான்மைக்கு இன்னொரு விலையும் உண்டு. பிளெண்டருக்கென்று 2025 மார்ச்சில் வந்து பரவலான சர்வரில், எந்தப் பைத்தான் நிரலையும் ஓட்டும் டூல் ஒன்று இருக்கிறது. பயன்படுத்தும் முன் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அதை எழுதியவரே எச்சரிக்கிறார்; அது நேர்மை. அதே ஆண்டு, பலரும் நிறுவியிருந்த ஒரு ஃபிக்மா சர்வரில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. வழக்கமான கோரிக்கை தோற்றால் கர்ல் கட்டளையால் மறுபடி முயலும் வசதி அதில் இருந்தது. முகவரியைச் சரிபார்க்காமல் அப்படியே கணினியின் ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள்; முகவரிக்குள் ஒளித்த கட்டளையும் ஓடிவிடும். பிறகு திருத்தினார்கள். டிசைன் ஃபைல்தானே, இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள், யாரோ அனுப்பிய ஃபைலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு லேயரில் ஏஐக்கான உத்தரவை எழுதிவைக்க முடியும் என்பதையும் யோசிக்கட்டும்.

சர்வரை விட்டு ஃபைலுக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களின் ஃபைலைத் திறந்தால் ‘ஃபிரேம் 427’, ‘ரெக்டாங்கிள் 12’, ‘குரூப் 9’ என்றுதான் நீள்கிறது. மென்பொருள் தானாக வைத்த பெயர்களை மாற்ற யாருக்கும் நேரமில்லை. ஒரே நீலம் ஐந்து இடங்களில் ஐந்து விதமாக, கையால் தட்டிய எண்ணாகக் கிடக்கும். மனிதக் கண் அதை ஒரே நீலமாகப் பார்த்துவிட்டுப் போகும். ஏஐக்கு அவை ஐந்து வெவ்வேறு நிறங்கள். எது அதிகாரபூர்வம், எது அவசரத்தில் வந்தது என்பதற்கு ஃபைலில் சாட்சி இல்லை. லேயருக்குப் பொருளுள்ள பெயர் வையுங்கள், காம்போனன்ட்டும் வேரியபிளும் பயன்படுத்துங்கள் என்று ஃபிக்மா தன் சர்வருக்கான வழிகாட்டுதலிலேயே சொல்கிறது. மேடையில் காட்டும் அற்புதமான டெமோக்கள் எல்லாம் யாரோ உட்கார்ந்து துடைத்துவைத்த ஃபைலில் நடப்பவை.

கட்டட வரைபடத் துறைக்கு இது பழைய பாடம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்குள் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி 1980களிலேயே வந்துவிட்டது. நிரல் எழுதி வரைபடத்தை இயக்கலாம். ஆனால் ஒருவருடைய சுவர் இன்னொருவருக்கு ‘லேயர் 3’ என்றிருந்தால் நிரல் எதைத் தேடும்? அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம் 1990-ல் லேயர்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்து வெளியிட்டது. எந்தத் துறை, எந்தப் பொருள் என்று பெயரைப் பார்த்தாலே தெரியும்.

“இப்போதைய ஏஐக்குப் படமும் தெரியுமே, ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புரிந்துகொள்ளும். விலைப்பட்டியல் எங்கே, பட்டன் எங்கே என்று சொல்லிவிடும். ஆனால் மாற்றுவது படத்தில் நடப்பதில்லை, ஃபைலில் நடக்கிறது. பார்த்த பட்டன் 427-ஆவது ஃபிரேமா 431-ஆவதா என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த ஓரம் ஏன் 24 பிக்சல், ஏன் 20 இல்லை என்பது எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் இல்லை.

தமிழ் அச்சுத் தொழிலில் ‘இணைத்தால் போதும்’ என்ற நம்பிக்கை முதல் ஃபைலிலேயே முறிந்துவிடும். நம் டிடிபி கடைகளில் பல ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில்தான் அடிக்கப்பட்டன. திரையில் அழகான தமிழ் தெரியும். ஃபைலுக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அந்த ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது. இந்தக் கடைகள் பயன்படுத்தும் கோரல் டிராவுக்கு மேக்ரோ வசதி நெடுநாளாக உண்டு, சர்வர் எழுதி இணைத்துவிடலாம். இணைத்தபின் ‘முகூர்த்த நேரத்தை மாற்று’ என்றால் உதவியாளருக்குக் கிடைப்பது ஓர் அர்த்தமற்ற சரம். பிரஸ்ஸுக்குப் போன ஃபைல் என்றால் இன்னும் மோசம். அங்கே ஃபான்ட் இல்லாமல் எழுத்து சிதறக் கூடாதென்று “கர்வ் பண்ணி அனுப்புங்க” என்று கேட்பார்கள். கர்வ் பண்ணியபின் அதில் எழுத்தே கிடையாது, வளைகோடுகள் மட்டும். மணமகளின் பெயர் வெறும் முடிச்சுகளாக நிற்கும். யூனிகோடில் அடித்த மூல ஃபைலைப் பத்திரப்படுத்தும் பழக்கமுள்ள கடைக்கு நாளையே ஏஐ உதவும். கர்வ் பண்ணிய ஃபைலை மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை.

சர்வரே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பேனர்களில் தேதி மாற்றுவது, அங்கீகரிக்காத நிறம் எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று சல்லடை போடுவது, மொழிபெயர்ப்பு விடுபட்ட திரைகளைப் பட்டியலிடுவது, இதையெல்லாம் சலிக்காமல் செய்ய அதைவிட நல்ல ஆள் கிடையாது. தாராளமாக எழுதட்டும்.

ஆனால் நடப்பது என்ன? இணைப்பு வந்துவிட்டது என்று சொல்லி முதலில் கழற்றிவிடுவது யாரை? லேயருக்குப் பெயர் வைத்து, காம்போனன்ட்டைப் பிரித்து, நிறப்பட்டியலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளநிலை டிசைனரை. அந்த வேலைக்கு எந்த நிறுவனமும் தனியாகப் பெயர் கொடுத்ததில்லை, எஸ்டிமேட்டில் ஒரு வரியும் ஒதுக்கியதில்லை. அதனால் அது வேலையாகவே கணக்கில் வருவதில்லை. அவர் போன பிறகும் சில மாதங்கள் சர்வர் நன்றாகவே ஓடும், அவர் ஒழுங்குபடுத்திவைத்த ஃபைல்கள் மிச்சமிருக்கும்வரை. அந்தச் சில மாதங்களின் கணக்கைக் காட்டித்தான் அடுத்த டிசைனரையும் அனுப்புகிறார்கள்.