மண்ணுக்குள்ள போன ஆர்.டி.எக்ஸ். எங்கே?

"எம்.எஸ்ஸி. புராஜெக்ட் என்ன டாபிக் மச்சி?"

"வெடிமருந்து!"

இப்படிச் சொன்னா ஹாஸ்டலே திரும்பிப் பார்க்கும். லேப்ல போய்ப் பார்த்தா... கண்ணாடிக் குழாய் நிறைய மண், மேலே சொட்டுச் சொட்டாத் தண்ணீர், கீழே ஒரு பாட்டில். அவ்வளவுதாங்க! ஆனா, அந்தப் பாட்டில்ல என்ன இறங்குதுங்கிறதுதான் ஓர் ஊரோட குடிநீர்ப் பிரச்னை.

ராணுவப் பயிற்சி மைதானங்கள்ல வீசுற குண்டுகள் எல்லாமே முழுசா வெடிச்சுடாது. டி.என்.டி.யும் ஆர்.டி.எக்ஸும் துகள் துகளா மண்ணுல தங்கிடும். மழை பெய்ஞ்சா?

இங்கேதான் ட்விஸ்ட். ஆர்.டி.எக்ஸைவிட டி.என்.டி.தான் தண்ணீர்ல அதிகமாக் கரையும். அப்படின்னா நிலத்தடி நீருக்கு அதுதானே முதல்ல போகணும்? போகாது! மண்ணுல இருக்குற பாக்டீரியாக்கள் டி.என்.டி.யோட நைட்ரோ தொகுதிகளை அமினோ தொகுதிகளா மாத்திடும். அப்படி உருவாகுற பொருள்கள் மண்ணோட மக்குல கெட்டியா ஒட்டிக்கும். ஆர்.டி.எக்ஸ். கொஞ்சமாத்தான் கரையும். ஆனா, மண் அதைப் பிடிச்சு வைக்காது. சத்தமில்லாமக் கீழே இறங்கிடும்.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில இது நிஜமாவே நடந்தது. அங்கே ராணுவப் பயிற்சித் தளத்துக்கு அடியிலதான் சுற்றுவட்டார மக்களோட குடிநீர் இருக்கு. அந்த நிலத்தடி நீர்ல ஆர்.டி.எக்ஸ். கலந்திருந்தது. குடிநீரைக் காப்பாத்த, 1997-ல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குண்டுப் பயிற்சிகளையே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீருக்கு அந்த முகமை சொல்ற ஆலோசனை அளவு லிட்டருக்கு வெறும் 2 மைக்ரோகிராம்!

தீர்வும் மண்ணுல இருந்தேதான் வந்தது. ஆர்.டி.எக்ஸ். கலந்த மண்ணுல அதையே தின்னு வாழ்ற ஒரு ரோடோகாக்கஸ் பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாங்க. அதோட மரபணுவை 'ஸ்விட்ச்கிராஸ்' என்ற புல்லுக்குள்ள வெச்சு, அமெரிக்க ராணுவத் தளம் ஒண்ணுலயே வளர்த்துப் பார்த்தாங்க. அந்தப் புல் ஆர்.டி.எக்ஸை உறிஞ்சிச் சிதைச்சிடுச்சு! யார்க், வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோட இந்த ஆய்வு 2021-ல் வெளியானது.

புராஜெக்ட் டாபிக் தேடுற கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி மக்களே... வெடிமருந்து ஆய்வு, அனுமதி பெற்ற ஆய்வகத்துல, கைடு கண் முன்னால மட்டும் செய்ற வேலை. ஆனா பூச்சிமருந்து, சாயக்கழிவுன்னு நம்ம ஊர் மண்ணுலயும் கேள்விகள் நிறையவே இருக்கு. புத்தகத்துல 'கரையும் அளவு' அட்டவணையைப் பார்த்ததோட முடிவு எழுதிடாதீங்க. குழாயில உங்க ஊர் மண்ணைப் போட்டுத் தண்ணியை ஊத்திப் பாருங்க. களிமண் ஒரு பதில் சொல்லும், மணல் வேற பதில் சொல்லும். ரெண்டையும் நோட்ல எழுதுங்க!