பேரனுக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லையா?

ஞாயிறு என்றால் நெய்வேலி குவார்ட்டர்ஸில் பல வீடுகளில் கடலூர் மீன் குழம்புதான். லீவுக்கு வந்த பேரன் சாப்பிடாவிட்டால் பெரியவர்களுக்குப் பொறுக்காது. "அலர்ஜியாவது ஒண்ணாவது! குழம்பை மட்டும் ஊத்து, போகப் போகப் பழகிடும்" என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை.

அந்தக் காலத்தில் இதைக் கரப்பான் என்றோம். வேப்பிலை அரைத்துத் தடவினார்கள். எல்லாக் குழந்தைக்கும் வெறும் அரிப்போடு போய்விடாது. மீனின் தசையில் உள்ள பார்வால்புமின் என்ற புரதம்தான் பெரும்பாலும் காரணம். கொதிக்கவைத்தாலும் அது எளிதில் அழியாது. துண்டை எடுத்துவிட்டாலும் குழம்பில் இருக்கும். மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்துக் கொடுத்தாலும் ஆபத்துதான்.

ஐஸில் வைக்காத சூரை, கானாங்கெளுத்தி சங்கதி வேறு. அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவக்கும், அரிக்கும். அது அலர்ஜி அல்ல, கெட்ட மீன். எது என்று டாக்டர் சொல்லட்டும். நாம் ஊட்டிப் பார்க்க வேண்டாம்.

உதடு வீங்கி மூச்சு இழுத்தால், அவில் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மருமகள் பயந்தாங்கொள்ளி என்று கேலியும் வேண்டாம். அவனுக்குத் தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு ஒரு முருங்கைக்காய் சாம்பார் வைத்தால் ஆயிற்று.