'லுக் ஆப்டர்'

'லுக் ஆப்டர்' என்னும் தொடரைக் கண்டவுடன், 'லுக்' பார்த்தல், 'ஆப்டர்' பின் எனப் பிரித்துப் பொருள்கொண்டு, குழந்தையைப் பேணும் தாயை அதன் பின்னே நின்று நோக்கச் செய்துவிடுகின்றனர் நம் மாணாக்கர் சிலர். இஃது அவர்தம் குற்றமன்று. வினையோடு ஒரு சிறுசொல் கூடிப் பொருளை மாற்றும் இம்முறை அயல்நாட்டார்க்குப் பேரிடர் விளைப்பதென, 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முகவுரையில் டாக்டர் ஜான்ஸனே ஒப்புக்கொண்டார்.

ஆயினும், ஆங்கில வகுப்பில் தமிழ் தலைகாட்டலாகாது என்பாரோடு யாம் உடன்படோம். 'பார்' என்பதனோடு 'கொள்' சேர்ந்து 'பார்த்துக்கொள்' என்றாகுங்கால், ஆங்குக் கொள்ளப்படும் பொருள் யாது? ஒன்றுமில்லை, பேணுதலே உளது. 'லுக் ஆப்டர்' என்பதும் அதுவே. 'கிவ் இன்' என்பதற்கு 'விட்டுக்கொடு' என்பதினும் நேரிய சொல் வேண்டுமோ? (தமிழ் பயிலும் மேனாட்டாரும் இவ்விடத்து இடறுவர் என்பது எமக்கு ஒருவாறு ஆறுதல்!) நாடோறும் வீட்டில் வழங்கும் வழக்கைச் சுட்டிய அளவில் விளங்குவதனை, நீண்ட பட்டியலாக நெட்டுருப் பண்ணுவித்து, பரீட்சைக்கு மறுநாளே மறக்கச் செய்வானேன்?

எல்லாத் தொடர்க்கும் இங்ஙனம் இணை கிடைக்குமென யாம் சொல்லவில்லை. 'புட் அப் வித்' என்பது பொறுத்தலைக் குறிப்பதனை எத் தமிழ்ச்சொல்லும் காட்டித் தராது. கதைநூல்களை விரும்பிப் படிப்பார்க்கே அது வசப்படும்.