கடைசியில் வந்தது வண்டியா, ஓட்டுநரா?

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம், ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் என்ற பாராட்டோடு, அங்கே நிலைக்க முடியாமல் திரும்பியவர் என்ற தீர்ப்பும் சேர்த்தே வழங்கப்படுகிறது. மதுரையில் தேனி சாலையும் பைபாஸ் சாலையும் கூடும் காளவாசலின் டீக்கடைப் பேச்சானாலும், நாளிதழின் விளையாட்டுப் பக்கமானாலும் இத்தீர்ப்பு மாறுவதில்லை. கார்ப் பந்தயத்தின் ஒரே சிகரம் ஃபார்முலா ஒன், மற்றவையெல்லாம் அங்கே ஏற முடியாதவர்கள் ஒதுங்கும் இடங்கள் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. இந்நம்பிக்கை பரவலானது, ஆனால் பிழையானது.

ஃபார்முலா ஒன் என்பது சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை வண்டிகளின் பந்தயம். ஒவ்வோர் அணியும் தன் வண்டியின் உடற்சட்டத்தைத் தானே வடிவமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி என்பதால், பணமும் பொறியாளர்களும் மிகுந்த அணி முன்னே நிற்பதும் அவையற்ற அணி பின்னே நிற்பதும் பந்தயம் தொடங்கும் முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன. 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் கார்த்திகேயன் ஓட்டிய ஸ்பெயின் நாட்டு எச்.ஆர்.டி. அணி, தான் உயிரோடிருந்த மூன்று பருவங்களிலும் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. தகுதிச்சுற்றில் மிக விரைவான நேரத்தின் 107 விழுக்காட்டுக்குள் ஓடி முடிக்காத வண்டிக்குப் பந்தயத்தில் இடமில்லை என்ற விதியின்படி, அவ்விரண்டு ஆண்டுகளிலும் மெல்போர்னில் அவ்வணியின் இரு வண்டிகளுமே புறப்பட முடியாமல் போயின. 2011-ஆம் ஆண்டின் நடுவில் கார்த்திகேயனின் இருக்கை டேனியல் ரிக்கார்டோ என்ற ஆஸ்திரேலிய இளைஞருக்குத் தரப்பட்டது. பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ பந்தயங்களை வென்ற அந்த ரிக்கார்டோவாலும் அந்த வண்டியைக் கொண்டு ஒரு புள்ளியும் எடுக்க முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் இருவரும் ஒரே அணிக்காக ஒரே வகை வண்டியை ஓட்டினர். கார்த்திகேயன் 17-ஆவதாகவும் ரிக்கார்டோ 18-ஆவதாகவும் முடித்தனர். ரிக்கார்டோவைத் திறமையற்றவர் என்று எவரும் சொல்வதில்லை. கார்த்திகேயனுக்கு மட்டும் அந்த அளவுகோல் ஏன்?

2005-இல் ஜோர்டான் அணிக்காக அவர் பெற்ற ஐந்து புள்ளிகளைக் காட்டி, அதுவும் ஆறு வண்டிகள் மட்டுமே ஓடிய பந்தயத்தில் கிடைத்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இண்டியானாபோலிஸில் மிஷெலின் டயர்கள் பாதுகாப்பற்றவை எனத் தெரிந்ததும் 14 வண்டிகள் புறப்படாமலே விலகின என்பதும், எஞ்சிய ஆறில் அவர் நான்காவதாக வந்தார் என்பதும் உண்மையே. ஆனால் அந்த நான்காமிடத்துக்குச் சூழ்நிலையே காரணம் என்பவர்கள், எச்.ஆர்.டி. வண்டியில் கிடைத்த கடைசி இடங்களுக்கும் சூழ்நிலையையே காரணமாகச் சொல்ல வேண்டும். வெற்றியில் வண்டியையும் தோல்வியில் ஓட்டுநரையும் கணக்கில் எடுப்பது விமர்சனமாகாது, அது ஓரவஞ்சனை.

ஒதுங்குமிடம் என்று இகழப்படும் பந்தயங்களுள் முதன்மையானது டூரிங் கார் பந்தயம். கூரையும் கதவும் உடைய, சாலையில் ஓடும் கார்களின் உருவத்தை ஒட்டிய வண்டிகள் இதில் ஓடுகின்றன. வண்டிகளுக்கிடையிலான வேறுபாட்டை விதிகளே குறைத்துவிடுவதால், யார் பிரேக்கைத் தாமதித்துப் பிடிக்கிறார், யார் டயரைக் கடைசிச் சுற்றுவரை காப்பாற்றுகிறார், உரசலுக்கு நடுவே யார் வளைவின் உட்பக்கத்தை விடாமல் பிடிக்கிறார் என்பவைதாம் அங்கே முடிவைத் தீர்மானிக்கின்றன. 1984-இல் ஜெர்மனியில் தொடங்கி, இடையே நின்று, 2000-இல் மறுபடி உயிர்பெற்ற டி.டி.எம். எனப்படும் தொடர் இவ்வகையில் உலகின் கடினமான பந்தயங்களில் ஒன்று.

அத்தொடரின் பெரும்பெயர் பெர்ண்ட் ஷ்னைடர். ஃபார்முலா ஒன் பட்டியலில் அவரைத் தேடினால், 34 பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்து ஒன்பதில் மட்டுமே புறப்பட்ட, ஒரு புள்ளியும் பெறாத ஒருவர்தான் தெரிவார். 1989-இல் அவர் ஓட்டிய சாக்ஸ்பீட் அணியின் வண்டி, தகுதிச்சுற்றுக்கும் முன்னதாக நடக்கும் வடிகட்டும் சுற்றிலேயே 16 முறைகளில் 14 முறை வெளியேறியது. அதே ஷ்னைடர் மெர்சிடஸ் காரில் 1995, 2000, 2001, 2003, 2006 என ஐந்து முறை டி.டி.எம். பட்டம் வென்றார். எதிர்த்திசையில் வந்தவர்களின் கதை இன்னும் தெளிவானது. இருமுறை உலகப் பட்டம் வென்ற மிகா ஹாக்கினென் டி.டி.எம்.மில் மூன்று பருவங்கள் ஓட்டி மூன்று வெற்றிகள் பெற்றாரே தவிரப் பட்டம் பெறவில்லை. ஆறு கிராண்ட் பிரீ வென்ற ரால்ஃப் ஷூமாக்கர் ஐந்து பருவங்களில் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. 13 கிராண்ட் பிரீ வென்ற டேவிட் குல்தார்டு மூன்று பருவங்களில் ஒருமுறைகூட முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. அவர்கள் வயது கடந்து வந்தவர்கள் என்ற சமாதானமும் நிற்காது. ஹாக்கினெனுக்கு 38 வயதாகியிருந்த 2006-இல், அதே மெர்சிடஸ் அணிவகுப்பிலிருந்து பட்டம் வென்ற ஷ்னைடருக்கு வயது 42.

கார்த்திகேயனின் கதையும் இந்தக் களத்தில்தான் முழுமை பெறுகிறது. 2014 முதல் ஐந்து பருவங்கள் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா தொடரில் ஓட்டிய அவர், 2019-இல் நகஜிமா அணியின் ஹோண்டா வண்டியோடு, கூரையுடைய கார்கள் ஓடும் சூப்பர் ஜி.டி. தொடருக்கு வந்தார். ஓட்டுநர் புள்ளி சேர்க்கச் சேர்க்க அவருடைய வண்டியில் எடை ஏற்றி வெற்றியைக் கடினமாக்கும் விதியுடைய தொடர் அது. அவ்வாண்டு நவம்பரில் ஃபியூஜி தடத்தில் ஜெர்மனியின் டி.டி.எம். வண்டிகளும் ஜப்பானின் சூப்பர் ஜி.டி. வண்டிகளும் ஒன்றாக மோதின. ரெனே ராஸ்ட், மார்கோ விட்மன் போன்ற டி.டி.எம். பட்டம் வென்றவர்களும் ஜப்பானின் முன்னணி ஓட்டுநர்களும் இருந்த 20-க்கும் மேற்பட்ட வண்டிகளின் நடுவே, நவம்பர் 24 அன்று நடந்த இரண்டாம் பந்தயத்தைக் கார்த்திகேயன் வென்றார். அப்போது அவருக்கும் வயது 42. பட்டத்துக்குப் புள்ளி சேராத சிறப்புப் பந்தயம் அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இண்டியானாபோலிஸைப் போல எதிராளிகள் இல்லாத பந்தயம் அல்ல என்பதையும் மறைக்கக் கூடாது.

ஒவ்வொரு வகைப் பந்தயத்துக்கும் தனி மதிப்பு உண்டு என்ற உண்மை மதுரை மண்ணுக்குப் புதிதாக இருக்க வேண்டியதில்லை. இச்சுற்றுவட்டாரத்தின் மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனத் தனித்தனிப் பிரிவுகளும் தனித்தனிப் பரிசுகளும் உண்டு. நடு மாட்டுப் பிரிவில் வென்ற சாரதியைப் பெரிய மாட்டில் தோற்றவர் என்று எவரும் ஏசுவதில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, அதுவும் ஃபார்முலா ஒன் அல்லாத, கூரை உடைய கார்களின் பந்தயம்தான் என்பது கொண்டாட்டத்துக்குத் தடையாக இருக்கவில்லை. நடிகருக்குக் காட்டிய அந்தத் தாராளத்தை, பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு மறுப்பதில் நியாயமில்லை.

இது ஒருவருடைய பெயரைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. உலகத்துக்கே சுமார் 20 இருக்கைகளே உள்ள ஒரு தொடரைத் தவிர மற்றது தோல்வி என்று நம்பும் பெற்றோரும் விளம்பரதாரரும், அங்கே வழி அடைபட்டதும் இளம் ஓட்டுநரைக் கைகழுவிவிடுகின்றனர். பெங்களூருவின் அர்ஜுன் மைனி, ஃபார்முலா டூ வரை போன பிறகு, 2021-இல் டி.டி.எம்.மில் ஓடிய முதல் இந்தியராகி, ஜெர்மனியிலேயே தொடர்ந்து தொழில் செய்துவருவது, அடைபட்டது ஒரு வழி மட்டுமே என்பதற்குச் சான்று. மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோவை செட்டிபாளையத்தில் கார்ட் வண்டி ஓட்டிப் பழகும் சிறுவனிடம் கேட்கத் தகுந்த கேள்வி, ஃபார்முலா ஒன்னுக்கு எப்போது போவாய் என்பதன்று. ஒரே வகை வண்டியில் உட்கார்ந்த மற்றவர்களைவிட எவ்வளவு முன்னே முடித்தாய் என்பதே. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாதவரை, நரேன் கார்த்திகேயனைப் பற்றித் தீர்ப்பு வழங்கும் தகுதி எவருக்கும் இல்லை.