நட்டு ஏறினால் பொருத்தமா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், அலாய் வீலுக்கு ஒரே ஒரு பொருத்தம்தான் பார்க்கிறார்கள். நாலு நட்டும் ஏறுதா? ஏறிவிட்டால் "செட் ஆயிருச்சு தம்பி" என்கிறார் கடைக்காரர். தம்பி அங்கேயே நின்று ரீல்ஸ் எடுக்கிறான். நான் சண்டை போட வந்திருப்பது இந்த "செட் ஆயிருச்சு"வோடுதான். நாங்கள் திண்டுக்கல்காரர்கள். சாவி உள்ளே போவது வேறு, பூட்டு திறப்பது வேறு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் விஷயத்தில் மட்டும் அது எப்படி மறந்துபோகிறது?

சண்டைக்கு முன் சொல்லுக்குப் பொருள். வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீல், ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறதோ, அதுதான் பாசிடிவ் ஆஃப்செட். பெரும்பாலான வீல்களில் 'ஈ.டி. 45' என்பதுபோல வார்ப்பிலேயே இருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும்.

இப்போது ஒரு கணக்கு. 6 அங்குல அகலம், ஈ.டி. 45 உள்ள வீலைக் கழற்றிவிட்டு 8 அங்குல அகலம், ஈ.டி. 20 போடுகிறீர்கள். பழைய வீலின் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து சுமார் 31 மி.மீ. வெளியே இருந்தது. புதியது 82 மி.மீ. உள்விளிம்போ கிட்டத்தட்ட அதே இடம்தான். அதாவது, கூட்டிய இரண்டு அங்குலமும் மொத்தமாக வெளியே போயிருக்கிறது. உள்ளே சஸ்பென்ஷனில் உரசவில்லை என்பதால் "செட் ஆயிருச்சு". ஆனால் டயரின் நடுக்கோடு 25 மி.மீ. நகர்ந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முன்சக்கரம் திரும்புவதற்கு ஓர் அச்சு உண்டு. ஸ்ட்ரட்டின் மேல்முனையிலிருந்து கீழே இருக்கும் பால் ஜாயின்ட் வழியாக ஒரு கோடு இழுத்தால் அது தரையில் ஓரிடத்தைத் தொடும். அந்த இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு ஸ்க்ரப் ரேடியஸ் என்று பெயர். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்களில் பெரும்பாலும் இதைப் பூஜ்யத்தை ஒட்டியோ நெகடிவாகவோ வைக்கிறார்கள். 1972இல் வந்த ஆடி 80 இதற்குப் பேர்போனது. காரணம் அழகு இல்லை. ஒரு பக்கம் பிடிமானம் குறைந்த நேரத்தில் பிரேக் அடித்தாலும் கார் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை நம்ம ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள். நத்தம் பக்கமோ வத்தலக்குண்டு பக்கமோ ஒரு கிராமச் சாலை. எதிரே பஸ். இடது டயர்கள் மண்ணில் இறங்குகின்றன, வலது டயர்கள் தாரில். பிரேக் அடிக்கிறீர்கள். தாரில் இருக்கும் டயருக்குத்தான் பிடி அதிகம், அது காரை வலப்பக்கம் சுழற்றப் பார்க்கும். ஸ்க்ரப் நெகடிவாக இருந்தால் அதே விசை ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் திருப்பி அந்தச் சுழற்சியைத் தணிக்கும். நீங்கள் வீலை 25 மி.மீ. வெளியே தள்ளி அதைப் பாசிடிவ் ஆக்கிவிட்டால்? ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இழுக்கும். வலப்பக்கம் பஸ் வருகிறது.

பேரிங்குக்கும் இதே கதி. சுமை விழும் இடம் தள்ளிப்போனால் நெம்புகோல் நீள்கிறது. ஸ்பிரிங்கும் இருந்ததைவிட மெத்தென்று வேலை செய்யும். இதற்கு மேல் ஸ்பேசர் வேறு. ஸ்டட் நீளத்தை மாற்றாமல் ஸ்பேசரைச் சொருகினால் நட்டு பிடிக்கும் மரை குறையும். நடு ஓட்டைக் கதை தனி. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று பெரிய ஓட்டையோடு வார்த்த வீலை, இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் மாட்டினால் நடுமையம் சேருவது நட்டுகளின் தயவில். அப்புறம் எண்பதில் ஸ்டியரிங் ஆடினால் "பேலன்சிங் பண்ணுங்க தம்பி" என்பார்கள்.

"ட்ரிஃப்ட் கார் எல்லாம் இப்படித்தானே நிக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கிறது. ஏன் என்று கேட்டீர்களா? ட்ரிஃப்ட் கார் பின்சக்கரத்தால் தள்ளப்படும் வண்டி. பக்கவாட்டில் வழுக்கும்போது முன்சக்கரம் சாதாரணக் காரைவிட மிக அதிகமாகத் திரும்ப வேண்டும். அவ்வளவு திரும்பினால் டயரின் உள்விளிம்பு கீழ் ஆர்மிலோ சேஸிஸிலோ இடிக்கும். இடிக்காமலிருக்க ஆர்மை நீட்டுகிறார்கள், நக்கிளை மாற்றுகிறார்கள், ஆஃப்செட்டைக் குறைக்கிறார்கள். அந்த வீல் வெளியே நிற்பதற்கு ஒரு வேலை இருக்கிறது. நம்ம ஸ்விஃப்ட் முன்சக்கர இழுவை, ஸ்டியரிங் கோணமும் கம்பெனிக் கோணம். அதில் அந்த வீல் மாட்டுவது, நீச்சல் தெரியாதவன் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல.

ட்ராக் அகலம் கூடினால் வளைவில் பிடி கூடும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குச் சுமை மாறுவது குறையும், உண்மை. ஆனால் பந்தயத்துக்காகச் செய்கிறவர் ஸ்பிரிங், கேம்பர், அலைன்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, கடிகாரத்தை வைத்துச் சோதிக்கிறார். நேரம் குறையவில்லையென்றால் கழற்றி வீசுகிறார். 195/50 ஆர்15 டயருக்கு ஏற்ற ரிம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. அதை 8 அங்குலத்தில் இழுத்து மாட்டி எடுத்த படத்தில் எந்தக் கடிகாரம் இருக்கிறது?

இன்னொரு பக்கமும் எனக்குச் சண்டை உண்டு. "இந்த ஆட்டமெல்லாம் தேவையா" என்று கேட்கும் பெரியவர்களோடும், இயந்திரத்தில் ஆசை வைப்பதை மட்டமாகப் பார்க்கும் இலக்கிய நண்பர்களோடும். பையன் ஆசைப்படுவது குற்றமில்லை. அவனுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தடையை மட்டும் நீட்டினால் பையன் போலீஸ் இல்லாத ரோடாகப் பார்த்துப் போவானே தவிர, ஏன் கூடாது என்று புரிந்துகொள்ள மாட்டான்.

ஓட்ட இடமே இல்லாமலும் இல்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து காலையில் கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டியவர். கையில் கிடைத்த சின்ன இன்ஜினிலிருந்து ஒரு தலைமுறைக்குப் பந்தயம் கற்றுக்கொடுத்த கை அது. பகட்டு வீலுக்கும் அந்த மரபுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆகவே மாப்ள, அடுத்தமுறை கடைக்குப் போனால் நட்டு ஏறுதா என்று கேட்காதே. அகலம் என்ன, ஈ.டி. என்ன, நடு ஓட்டை என்ன, எத்தனை கிலோ சுமை தாங்கும் என்று கேள். வீலைத் திருப்பி வார்ப்பைப் படி. பதில் வரவில்லையென்றால் காசை எடுத்துக்கொண்டு கிளம்பு. அந்தக் காசில் நாலு நல்ல டயர், ஒரு செட் பிரேக் பேட், ஒரு ஒழுங்கான அலைன்மென்ட் வாங்கு. கம்பெனி கொடுத்த இரும்பு ரிம்மோடேயே தடத்துக்குப் போ. அங்கே யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் சாயங்காலம் அதே நாலு வீலில் ஒட்டன்சத்திரம் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவாய்.